சிக்கானா ஓவியர்: மரபுருவை மாற்றி வரைந்தோர்

தம் ஊரைவிட்டு நகராமலேயே மக்கள் வேறொரு நாட்டினராக முடியுமா? வட அமெரிக்காவில் அது நிகழ்ந்தது. மெக்சிகோ போரில் தோற்று, 1848ஆம் ஆண்டின் குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையால் தன் வடபுல நிலங்களை ஐக்கிய அமெரிக்காவிடம் இழந்தது. அங்கு வாழ்ந்தோரின் வழியினரும், பின்னாளில் எல்லை கடந்து குடியேறியோரின் வழியினரும், இழிசொல்லாக வழங்கிய ‘சிக்கானோ’ என்னும் பெயரை 1960களில் உரிமைப் பெயராக ஏற்றனர். ‘சிக்கானா’ அதன் பெண்பால்.

சிக்கானா ஓவியர்க்கு இருந்த இடர் இரட்டிப்பானது. பாடநூல்களில் அவர்தம் மக்களின் வரலாறு அரிதாகவே இடம்பெற்றது. அம்மக்கள் போற்றிய மரபோ பெண்ணுக்குப் பணிவையும் பொறுமையையும் இலக்கணமாக வகுத்திருந்தது. மரபைத் துறந்தால் வேர் அறும். மாற்றமின்றி ஏற்றால் தம் வாழ்வுக்கு அதில் இடமில்லை.

யோலாண்டா லோப்பெஸ் 1978இல் ஒரு வழி கண்டார். மெக்சிக்கர் வணங்கும் குவாடலூப் அன்னை, ஒளிக்கதிர் சூழ, கண் தாழ்த்திக் கைகூப்பி நிற்பவர். அவ்வொளிக்குள் லோப்பெஸ் மூன்று பெண்களை வரைந்தார்: ஓடுகாலணியுடன் பாய்ந்து வரும் தம்மை, விண்மீன் போர்வையை எந்திரத்தில் தைக்கும் தாயை, அமைதியாக அமர்ந்திருக்கும் பாட்டியை.

எஸ்தர் ஹெர்னாண்டஸ் கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். உலர்திராட்சைப் பெட்டியில் புன்னகைக்கும் பெண்ணை அவர் 1982இல் எலும்புக்கூடாக மாற்றி அச்சிட்டார். திராட்சைத் தோட்டங்களில் தெளித்த நஞ்சு உழைப்போரின் குடிநீரிலும் கலந்ததை அப்படம் ஊரறியச் செய்தது.

ஜூடி பாக்கா தனித்து வரையவில்லை. 1976இல் தொடங்கிப் பல கோடைகளில், 400க்கும் மேற்பட்ட இளையருடன், லாஸ் ஏஞ்சலிஸ் வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு வரலாற்றைத் தீட்டினார். காவல்துறை வழக்குகளில் சிக்கியோரும் அவ்விளையருள் இருந்தனர். 1930களில் மெக்சிக்க வழியினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதும், உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்டதும், நெடுஞ்சாலைகள் சிக்கானோ குடியிருப்புகளைப் பிளந்ததும் அச்சுவரில் உள்ளன. வகுப்பில் கேட்டறியாத வரலாற்றை அவ்விளையர் தம் கைகளாலேயே எழுதினர்.

மூவரும் பழைய உருவங்களை அழிக்கவில்லை. அவற்றில் விடுபட்டோரைச் சேர்த்தனர். தாயின் தையல் எந்திரம் அன்னையின் ஒளிக்குள் வந்ததால் மரபு குன்றவில்லை. அவ்வொளி உழைக்கும் பெண்ணின் முகத்திலும் விழுந்தது.