தண்டவாளம் போடாத கம்பனி



கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் செல்வோர் கடுகண்ணாவை ஏற்றத்தில் யன்னலோரம் இடம்பிடித்து மலையழகை இரசிப்பது வழக்கம். அந்தப் பாதையின் பூர்வீகத்தை ஆராயப் புகுந்தபோது விசித்திரமான கதையொன்று எனக்குக் கிடைத்தது. இன்று அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இந்தப் பாதையை அமைப்பதற்கென 1845ஆம் ஆண்டில் 'சிலோன் ரயில்வே கம்பனி' தோன்றியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பதவி வகித்த பிலிப் அன்ஸ்ட்ரதர் அதன் தலைவரானார். மலைநாட்டில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவதே கம்பனியின் நோக்கம். அந்நாளில் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் இறங்கின. தொழிலாளருக்கான அரிசி அதே வழியில் வண்டிகளில் ஏறிற்று. வீதி சேறானால் கோப்பி மட்டுமா நிற்கும்? அரிசியுமல்லவா நின்றுவிடும்!

1846இல் தோமஸ் டிரேன் என்ற பொறியியலாளர் பாதைக்கான நிலத்தை அளந்தார். அடுத்துக் கோப்பி விலை வீழ்ந்தது, திட்டமும் உறங்கிவிட்டது. பின்னர் கப்டன் மூர்சம் இங்கு வந்து, ஆறு வழிகளை ஒப்புநோக்கி, 1857இல் அறிக்கை சமர்ப்பித்தார். அவரது மதிப்பீடு 8,56,557 பவுண். 1858 ஆகஸ்ட் 3ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார்.

ஆனால், கம்பனியின் பொறியியலாளர் டொயின் கணக்குப் பார்த்தபோது செலவு 22 இலட்சம் பவுணைத் தாண்டியது. ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 1861இல் பங்குதாரரின் முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரசாங்கமே வேலையைப் பொறுப்பேற்றது. பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த கம்பனி, ஒரு ரயிலைத்தானும் ஓட்டாமலே மறைந்தது.

அதன்பின் மோல்ஸ்வேர்த் மேற்பார்வையில், பேவியல் என்ற ஒப்பந்தக்காரர் பாதையை அமைத்தார். 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, சுமார் 54 கிலோமீற்றர் தூரம், முதல் ரயில் ஓடியது. 1867இல் அது கண்டியை அடைந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில் கோப்பியை இலைநோய் பற்றிக்கொண்டது. கோப்பிக்காக வந்த ரயில் நாளடைவில் தேயிலைக்கு உரியதாயிற்று.

தேசாதிபதி, பொறியியலாளர், ஒப்பந்தக்காரர் ஆகிய அனைவரின் பெயர்களும் வரலாற்றில் உள்ளன. கடல் கடந்து வந்து காட்டை வெட்டி, பாறையைப் பிளந்து, சுரங்கம் குடைந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை. காய்ச்சலில் மாண்டு பாதையோரம் புதைந்தவர்களுக்கு ஒரு நடுகல்லேனும் உண்டா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. முதல் ரயில் ஓடி நூறு ஆண்டுகள் நிறைவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு அனுப்பப்பட்டோரை ஹட்டனிலும் நானு ஓயாவிலும் ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்டது எது? இதே புகையிரதந்தான். மேடையில் நின்றவரும் பெட்டிக்குள் இருந்தவரும் கதறி அழுத காட்சியை அக்கால மலையக மக்கள் மறக்கவில்லை.

கம்பனியின் பங்குதாரருக்கு 1861இலேயே கணக்குத் தீர்ந்தது. பாதை சமைத்தவர்களின் சந்ததிக்கோ கையில் ஒரு கடவுச்சீட்டுத்தான் கிடைத்தது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த ரயில் மேடைகளின் கதைகளையும் அவ்வாறு தேடித் தொகுப்பவர் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகின்றார்கள்.