கியரில்லா ஊர்தியும் மலைச்சரிவும்: ஸ்கூட்டியின் வரலாற்றில் ஒரு கூறு

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'ஸ்கூட்டி' என்பது இன்று ஒரு வணிகப் பெயர் மட்டுமன்று. கியர் இல்லாத எந்த ஸ்கூட்டரையும் சுட்டும் பொதுப்பெயர். அப்பெயருக்கு உரிய வண்டியை ஓசூரில் இயங்கிய டி.வி.எஸ்.–சுசுகி நிறுவனம் 1994இல் அறிமுகப்படுத்தியது. இவ்வகையில் அது முதலாவதன்று. 1984இலேயே 98 சி.சி. கைனடிக் ஹோண்டா வந்துவிட்டது. சிறிய எஞ்சினும் குறைந்த எடையுமே ஸ்கூட்டியைப் பெண்களின் வண்டியாக்கின.

இவ்வரலாறு பெரும்பாலும் நகரத்துக் கல்லூரி மாணவியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஓசூருக்குக் கிழக்கே, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ள சவ்வாது மலையிலிருந்து நோக்கின் வேறொரு கூறு புலப்படும்.

கியர் வண்டியில் ஏற்றத்திற்கு உரிய பல்சக்கரத்தை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கிறார். ஸ்கூட்டியில் அவ்வேலையை ஒரு பெல்ட்டும், விட்டம் மாறும் இரு கப்பிகளும் செய்கின்றன; ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய இழுவிசை தானாகவே கூடுகிறது. ஆயினும் எஞ்சினிடம் இல்லாத வலுவைக் கப்பி தர இயலாது. தொடக்ககால 60 சி.சி. இருவீச்சு எஞ்சின், இருவரைச் சுமந்து மலையேறுவதற்கென அமைந்ததன்று. 2003இல் 75 சி.சி. நான்குவீச்சு எஞ்சினுடன் பெப் வந்தது; 2005இல் பெப் பிளஸ் 87.8 சி.சி.யாக வளர்ந்தது. இறக்கமே உண்மையான இடர். கியர் வண்டியைத் தாழ்ந்த கியரில் இறக்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும். தானியங்கி வண்டியில் அத்தடை மிகக் குறைவு. வேகம் தணிந்ததும் கிளட்ச் விலகிவிடுவதால் முழுச்சுமையும் பிரேக்கின்மீது விழுகிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வளைவுகளில் இது சிறு செய்தியன்று.

இந்த வேறுபாடு அரசின் கொள்கையிலும் உரிய கவனம் பெறவில்லை. 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், பணிபுரியும் மகளிர்க்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமாக அளித்தது. மலைப்பகுதி மகளிர்க்கு முன்னுரிமை இருந்தது. வண்டியோ 125 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா வகையாக இருத்தல் வேண்டியிருந்தது. கியர் வண்டியைக் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய மலைவாழ் பெண்ணுக்கும் சமவெளியின் வண்டியே வரையறுக்கப்பட்டது எனலாம். ஒரு நெம்பினை அழுத்தினால் இரு சக்கரங்களும் ஒருங்கே தடைபடும் கூட்டுப் பிரேக் முறை, 125 சி.சி. வரையிலான எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று.