மொட்டுக்காளான் மேற்பூச்சில் தென்னை நார்க்கழிவு

மேற்பூச்சு என்பது, மொட்டுக்காளான் (அகாரிகஸ் பைஸ்போரஸ்) படுக்கையில் பூசண இழை பரவி முடிந்ததும் கம்போஸ்ட்டின் மேல் சுமார் 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பப்படும் ஈரப்பொருள். ஐரோப்பாவில் இதற்குச் சதுப்புநிலத்தில் சேரும் தாவரப் படிவான பீட் பயன்படுகிறது. இந்தியாவில் தொழு உரம், பழைய காளான் கம்போஸ்ட், 'பித்' எனப்படும் தென்னை நார்க்கழிவு ஆகியவை பயன்படுகின்றன. பித் கட்டிகளை ஏற்றுமதி செய்வதில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் முன்னணியில் உள்ளது.

பணி

காளானுக்கு உணவு கம்போஸ்ட்டிலிருந்து வருகிறது. மேற்பூச்சு நீரைத் தேக்கித் தருகிறது. காளானின் எடையில் சுமார் 90 சதவீதம் நீரே. மேற்பூச்சில் வாழும் சூடோமோனாஸ் புட்டிடா பாக்டீரியா மொட்டு உருவாவதைத் தூண்டுகிறது. அறையைக் குளிர்வித்துப் புதுக்காற்று விட்டால், பூச்சிட்ட இரண்டு வாரத்தில் ஊசித்தலை அளவில் மொட்டுகள் தெரியும்.

பீட்டும் பித்தும்

பீட் படிவு ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ. மட்டுமே வளர்கிறது, வெட்டியெடுத்தால் அதில் தேங்கிய கரிமம் வெளியேறுகிறது. அயர்லாந்து அரசு நிறுவனமான போர்ட் ந மோனா பீட் எடுப்பதை நிறுத்தியதாக 2021இல் அறிவித்தது. பித் ஆண்டுதோறும் கிடைப்பது: 1 கிலோ நார் எடுக்கும்போது சுமார் 2 கிலோ பித் சேர்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடிக்கும். லிக்னின் மிகுந்ததால் விரைவில் மக்காது.

உப்பு

பித்தின் குறை உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் உண்டு; காயல் நீரில் ஊறவைத்தால் சோடியமும் ஏறும். உப்பு மிகுந்தால் மொட்டு கட்டுவது குறையும். வணிகத்தில் இதை இ.சி. (மின்கடத்துதிறன்) அளவால் மதிப்பிட்டு, 'லோ இ.சி.', 'ஹை இ.சி.' எனத் தரம் பிரிக்கின்றனர். உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரையில் உப்பைப் போக்கப் பித்தை உவர்நீரால் அலசிப் பயனில்லை, நன்னீர் வேண்டும்.

தயாரிப்பு

கட்டியை ஊறவைத்து உதிர்த்து, இ.சி. இறங்கும்வரை அலசி, சம அளவு மக்கிய தொழு உரம் கலப்பார்கள். பித் சற்று அமிலத்தன்மை உடையது. சுண்ணத்தூள் சேர்த்து அமில-கார அளவை 7 முதல் 7.5க்குக் கொண்டுவருவார்கள். பிறகு 65° செல்சியஸில் 6 முதல் 8 மணி நேரம் நீராவியில் வைத்தால் நூற்புழுவும் நோய்ப்பூசணமும் அழியும்.

எல்லை

பித், கம்போஸ்ட்டுக்கு மாற்றாகாது. கோதுமை வைக்கோல் அரிதான தமிழ்நாட்டில் நெல் வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் கொண்டு கம்போஸ்ட் தயாரிக்கலாம். மொட்டு பிடிக்க 14 முதல் 18° வெப்பம் வேண்டும். நீலகிரியில் அது இயல்பாகக் கிடைக்கும், தூத்துக்குடியில் குளிரூட்டிய அறை கட்டவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால்காளான் சமவெளி வெப்பத்தில் வளரும். அதற்கும் மேற்பூச்சு தேவை.