வறட்சியும் கொள்ளைநோயும்: 1934ஆம் ஆண்டின் மலேரியாவும் கிராமக் குடும்பங்களும்

ஒரு நாட்டின் வரலாறு மன்னர் மாற்றங்களாலும் போர்களாலும் மட்டும் அமைவதன்று. மழை பொய்த்த ஓராண்டும் நுளம்பு பெருகிய சில திங்கள்களும் அதன் போக்கை மாற்றிவிடுதல் கூடும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வருத்திய மலேரியாக் கொள்ளைநோய் இதற்குத் தக்க சான்றாகும்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாயின. வழக்கமாக ஆற்று வெள்ளத்தில் அள்ளுண்டு அழியும் நுளம்புக் குடம்பிகள், வெயில் படும் இக்குட்டைகளில் அளவின்றிப் பெருகின. ஐப்பசி அளவில் பரவத் தொடங்கிய காய்ச்சல் மார்கழி, தை மாதங்களில் உச்சநிலை எய்தியது. அக்காலத்து இலங்கையில் ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் 15 இலட்சம் பேர் வரை நோயுற்றனர். சில திங்கள்களுள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்.

மலேரியா இலங்கைக்குப் புதிய நோயன்று. வன்னி முதலிய வறண்ட பகுதிகளில் அது ஆண்டுதோறும் வந்து செல்வது. அங்கே குழந்தைப் பருவத்தில் நோய்க்குத் தப்பியோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஆயின், கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் மழைவளம் மிக்க பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆறு வற்றாமையே அவர்களைக் காத்துவந்த அரண். அவ்வரண் வீழ்ந்தபோது பெரியோரும் சிறியோரும் ஒருங்கே நோய்வாய்ப்பட்டனர்.

இங்கேதான் அப்பேரிடரின் கொடுமை புலனாகும். கிராமத்தில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் பேணுவர். ஒரு வீடு தளர்ந்தால் அயல்வீடு உதவும். இதுவே தலைமுறை தலைமுறையாக வந்த மருத்துவ ஒழுங்கு. வீடு முழுவதும் பாயில் கிடக்க, அயல்வீடும் அதே நிலையில் இருந்தால், தண்ணீர் அள்ளுவார் யார்? கஞ்சி காய்ச்சுவார் யார்? ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் நடுக்கம் தணிந்த இடைநாளே, எழுந்து உலைவைப்பதற்கு வாய்த்த நாளாயிற்று.

மல்லியும் மரமஞ்சளும் இட்டுக் காய்ச்சிய கசாயம் கிராமத்தவர் அறிந்த முதல் மருந்து. அது உடலுக்கு இதமளித்ததேயன்றி, இரத்தத்திற் புகுந்த நோய்க்கிருமியை அழிக்கவில்லை. அரசாங்கம் தற்காலிக வைத்தியசாலைகளை அமைத்துக் குவினைன் வழங்கியது. ஆயினும் மருந்து கிடைக்கும் இடம்வரை நடந்துசெல்ல உடலில் வலிமை வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். இவற்றுக்கு மேலாகப் பசி நின்றது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் தெங்கும் இறப்பரும் விலை வீழ்ந்திருந்தன. வறட்சியால் விளைவும் கெட்டது. உணவின்றி மெலிந்த உடலை நோய் எளிதிற் கொண்டது. மாண்டோருட் குழந்தைகளே பெருந்தொகையினர்.

இவ்வுண்மையை நேரிற் கண்டோர் சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள். போர் நினைவு நாளிற் செம்பூ விற்பதற்கு எதிராகப் பூவரசம்பூ விற்றுவந்த இவ்விளைஞர், மருந்தோடு உணவும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா நோயாளரைப் பார்த்தார். பருப்பு வழங்கிய என். எம். பெரேரா 'பருப்பு மாத்தையா' எனப் பெயர் பெற்றார். இவர்களுட் பலர் 1935 மார்கழியில் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர். அடுத்த ஆண்டிற் கேகாலை மாவட்டத்து உருவன்வெலைத் தொகுதி பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. துயருற்ற காலத்தில் வாயில்வரை வந்தவரை மக்கள் மறந்திலர்.

நோயின் பின்வரலாறும் நோக்கற்பாலது. இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிட்டியதென்று விழிப்புத் தளர்ந்தபின், 1968, 1969ஆம் ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பல்லாண்டு முயற்சியின் பயனாகவே 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

மருந்து நோயைத் தீர்க்கும். ஆயின் அம்மருந்தைக் கைநீட்டி வாங்கவும், காய்ச்சிய கஞ்சியை ஊட்டவும் வீட்டில் ஒருவரேனும் எழுந்து நிற்றல் வேண்டும். பேரிடர்க் காலத்தில் அந்த ஒருவரைக் காப்பதே முதற்பணி என்பது 1934ஆம் ஆண்டு விட்டுச்சென்ற பாடமாகும்.