லம்பா லைனின் நீளம் எத்தனை?

அந்தமான் தலைநகரில், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில், லம்பா லைன் என்றொரு பகுதி உண்டு. இந்தியில் ‘லம்பா’ என்றால் நீண்ட என்று பொருள். அந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் ல, ம், பா, லை, ன் என ஐந்து எழுத்து; இடைவெளியைச் சேர்த்தால் ஆறு. பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் 10 என்று வருகிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே பெயரை சி மொழி பைட் பைட்டாக எண்ணி 28 என்கிறது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுச் சட்டகமாக இஸ்கி குறியாக்கம் அமைக்கப்பட்டது. அதன் 1988 வடிவத்தைப் பின்பற்றி 1991-இல் யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை, ‘ம்’ மேல் அகரம் ஏறி ‘ம’ ஆகும். குறியாக்கத்திலோ ‘ம’ அடிப்படை, அதோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘ம்’. அதனால் ‘ம’ என்று தேடினால், அந்த எழுத்தே இல்லாத ‘லம்பா’வுக்குள்ளும் கிடைத்துவிடுகிறது. ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத தேடல் ஒன்றைக் கண்டு மற்றதை விட்டுவிடும்.

எழுத்துக்கு ஒரு குறி என்று வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது வலுவான மறுப்பு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியாக்கம் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதன் நியாயத்தை நான் மதிக்கிறேன். அதில் ‘லம்பா’வின் நீளம் சரியாக மூன்று. ஆனால் மூன்றுதான் ஒரே சரியான விடை என்று நம் மரபே சொல்லவில்லை. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றெழுத்துகளை எண்ணக் கூடாது. அந்தக் கணக்கில் ‘லம்பா’ இரண்டே எழுத்து. மாத்திரையால் அளந்தால் குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, நெடிலுக்கு இரண்டு, ஆக மூன்றரை. யாப்பு நூலார் எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் எண்ணினார்கள். நிரல்மொழிகள் அலகைச் சொல்லாமல் ‘நீளம்’ என்று மட்டும் பெயரிட்டதே பிழை என்பது என் முடிவு. குறியாக்கத்தை மாற்றினாலும் அந்தப் பிழை அப்படியேதான் இருக்கும்.

பயனருக்கு இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். படிவத்தில் பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கி, குறிகளை எண்ணி வெட்டினால் ‘லம்பா லைன்’ மயிரிழையில் தப்பும். ஒன்பது என்றால் புள்ளி உதிர்ந்து ‘லம்பா லைன’ ஆகிவிடும். தீர்வு இல்லாமலும் இல்லை. 2014-இல் வெளிவந்த ஸ்விஃப்ட் மொழி, கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணுகிறது. லம்பா லைனுக்கு அது தரும் விடை, இடைவெளியோடு ஆறு.