லாரி நெற்றியில் எழுத்து

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் மழை குறைந்த மேட்டுநிலம். கிணறு வற்றிய குடும்பங்கள் பல லாரிக்கு மாறின. சேலத்திலிருந்து கரூர் போகும் நெடுஞ்சாலையும் நாமக்கல் வழியாகவே போயிற்று. 1950களில் அசோக் லேலண்டும் டாடாவும் உள்நாட்டிலேயே லாரி செய்யத் தொடங்கியபோது, வண்டி பெரும்பாலும் வெறும் சேசிஸாகத்தான் வந்தது. அதற்குக் கேபினும் பாடியும் கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் பெருகின. கூடவே லாரிக்கு எழுதும் பெயின்டர்களும் வந்தார்கள்.

பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் எனாமலும் அடித்த பிறகே எழுத்து. சாக்பீஸ் தூள் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். தட்டைப் பிரஷால் எழுதி, காய்ந்ததும் ஒரு பக்கம் ஷேடு இழுத்தால், எட்ட நின்று பார்ப்பவருக்கு எழுத்து தகட்டை விட்டு எழும்பி நிற்கும்.

எழுத வேண்டியதில் பாதியைச் சட்டம் சொன்னது. 1975இல், பல மாநிலங்களில் ஓட அனுமதிக்கும் நேஷனல் பர்மிட் வந்தது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்தப் பர்மிட் பெற்ற லாரிகளுக்குக் காய்ந்த இலைப் பழுப்பும் வெள்ளைக் கரையும் விதித்தன. பக்கவாட்டில் காலி எடை, மொத்த எடை. கேஸ் டேங்கர் என்றால் 1075 என்ற எண்ணும் வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு ஐ.நா. தந்த எண் அது. மிச்ச இடம் முதலாளிக்கு: நெற்றியில் குலதெய்வமோ அர்த்தநாரீஸ்வரரோ ஆஞ்சநேயரோ 'துணை', அதன் கீழே பிள்ளைகள் பெயர்.

எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கான நாள் நெருங்கினால் துருவைச் சுரண்டி, டிங்கரிங் பார்த்து, மறுபடி பெயின்ட் அடித்து, பழைய வண்டியைப் புதுசாக்க வேண்டும். பெயின்டருக்கு ஆண்டு முழுதும் வேலை தந்தது எஃப்சிதான்.

பிறகு கணினியில் வெட்டிய ஸ்டிக்கர் வந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, ஸ்கிராப்பரால் குமிழியைத் தள்ளினால் சற்று நேரத்தில் முடிந்துவிடும். ஷேடின் அழகு மட்டும் அதில் வராது. ஒளி திருப்பும் பட்டையும் கட்டாயமானது: முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு. ஆலையே கேபினோடு வண்டி தரத் தொடங்கியதும் பிரஷுக்கு இடம் இன்னும் சுருங்கியது.

ஸ்டிக்கரை உரித்தால் போய்விடும். எனாமல் எழுத்து அப்படியல்ல. சரியாகத் தேய்க்காமல் மேலே பெயின்ட் அடித்தால், கைமாறிய லாரியில் முந்தைய முதலாளியின் பிள்ளைகள் பெயர் சாய்வெயிலில் மேடாகத் தெரியும்.