வாய்ச்சொல்லில் இருந்து பத்திரம் வரை: வீட்டுமனைத் தரகின் கதை

புத்தூரில் சுந்தரருடைய திருமணத்தில் புகுந்த கிழவர் ஓர் ஓலையைக் காட்டி, "நீ எனக்கு அடிமை" என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை அவரிடம் பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பு சொன்னது. பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையில் வென்றது வாய்ச்சொல் அல்ல, எழுத்து. சோழர் காலத்தில் நில விற்பனையை ஆவணமாக்க ஆவணக்களரி என்ற இடமே இருந்தது.

ஆனால் நிலத்தை விற்றுக் கொடுக்கும் தரகர்? அவர் வேலை நெடுங்காலம் வாய்ச்சொல்லிலேயே நடந்தது.

பழைய சட்டங்கள்

1882இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவுப் பத்திரம் மூலமே விற்க முடியும் என்றது. 1908இல் இன்றைய பதிவுச் சட்டம் வந்தது. இரண்டும் கடைசிக் கட்டமான கிரயத்தைத்தான் கவனித்தன. மனையைக் காட்டுவது, விலை பேசுவது, டோக்கன் அட்வான்ஸ் வாங்குவது, இரு பக்கமும் கமிஷன் பெறுவது எல்லாம் தரகரின் கையில் இருந்தன. இவற்றுக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை.

திருத்தணி பக்கத்து நெசவாளர் ஊரான பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திராவில் இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாநிலம் மாறினாலும் தரகு முறை மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு மனை வாங்குவது ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு. அந்தச் சேமிப்புக்கு ஒரே காவல் தரகரின் நாணயம் மட்டுமே.

திருப்பம்

2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பவர் பத்திரத்தை வைத்து மட்டும் நிலம் கை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பவரையும் பதிவு செய்வது கட்டாயமானது.

அடுத்த அடி 2016 செப்டம்பர் 9 அன்று விழுந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தரகர் பேச்சை நம்பி வாங்கியவர்கள் அவசரத்துக்குக்கூட விற்க முடியாமல் தவித்தனர். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்த பிறகே வழி பிறந்தது. அதற்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

ரெரா சட்டம்

2016இல் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. பதிவு எண் இல்லாமல் ஒரு முகவர் இச்சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தின் மனையை விற்றுத் தர முடியாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் விற்பவருக்குத் தடை.

விடுபட்டது

இந்தச் சட்டம் பதிவு பெற வேண்டிய திட்டங்களைப் பற்றியது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் என்பது அதன் பொதுவான அளவு. பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது நடுவில் நிற்கும் தரகரை அது தொடுவதில்லை. சிற்றூர்களில் நடக்கும் விற்பனையில் இந்த வகையும் ஏராளம்.

மேலும், ஒப்பந்தம் எல்லாம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில்தான். வாங்குபவருக்கும் தரகருக்கும் இடையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதும்படியும் சட்டம் சொல்லவில்லை. கமிஷன் எவ்வளவு என்றும் அது நிர்ணயிக்கவில்லை. இரு பக்கமும் பணம் வாங்குபவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது அவருக்கே வெளிச்சம்!

மகாராஷ்டிரா 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்றது. அமெரிக்காவில் கமிஷன் வழக்கு ஒன்றின் சமரசத்தால், 2024 ஆகஸ்ட் 17 முதல் வாங்குபவருக்கு வீட்டைக் காட்டும் முன்பே முகவர் அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, தன் கூலி எவ்வளவு என்று அதில் குறிப்பிட வேண்டும்.

ஆவணக்களரி முதல் ரெரா வரை நிலத்துக்கு எழுத்து வந்துவிட்டது. தரகுக்குப் பாதிதான் வந்திருக்கிறது. மீதி வரும் வரை, கமிஷன் எவ்வளவு, யார் தருவது, பேரம் முறிந்தால் அட்வான்ஸ் திரும்புமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். சுந்தரர் கதையில் வழக்கைத் தீர்த்ததும் ஒரே ஓர் ஓலைதான்.